நெற்றியில்லாத வண்டி

சிட்டிபாபு செய்த வண்டிக்கு ஓரிக்கைத் தெருவில் முதலை என்று பேர். அவன் வைத்த பேர் இல்லை. நீட்டிய முன்கம்பியும், தரையோடு படிந்த சீட்டும், பின்னால் வால் மாதிரி போகிற இரும்புத் தட்டுமாக அது பார்ப்பதற்கு அப்படித்தான் இருந்தது. தண்ணீரில் கிடக்கிற முதலை யானையையே இழுக்கும் என்பார்கள். இந்த முதலை ரோட்டில் நின்றுவிட்டால் சிட்டிபாபுவும் அவன் பெண்சாதி சுகாசினியும் சேர்ந்து தள்ளினாலும் லேசில் நகராது.

அது நிற்காத இடம் காஞ்சிபுரத்தில் பாக்கி இல்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றிருக்கிறது. ரயில்வே கேட்டை மூடப்போகிற நேரமாகப் பார்த்து, தண்டவாளத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. வைகாசியில் கருடசேவைக்கு ஜனம் போகிற தெருவில் நின்று, பெருமாளைப் பார்க்க வந்தவர்களெல்லாம் முதலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நிற்பதற்கு முன்னால் ஒரு தகவலும் தராது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நாலு தும்மல், ஒரு இருமல், அவ்வளவுதான்.

உடனே சிட்டிபாபு இறங்கி பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பார்ப்பான். பெட்ரோல் இருக்கும். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பான். ஒயரை இழுத்துப் பார்ப்பான். ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதுவான். கொஞ்ச நேரத்தில் வண்டி ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடும். கடைசியாக எதைத் தொட்டானோ அதுதான் கோளாறு என்று அன்றைக்குத் தீர்மானமாகும். இப்படியே பிளக் மாறியது, காயில் மாறியது, கார்பரேட்டர் மாறியது. நிற்பது மட்டும் மாறவில்லை.

ஆடி மாதத்தில் அது உச்சத்துக்குப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சுகாசினியை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிற வழியில், ஏனாத்தூர் ரோட்டில் சுடுகாட்டுக்கு எதிரே தும்மியது.

“கொஞ்சம் எறங்குமா,” என்றான் சிட்டிபாபு.

“எறங்கிட்டேன். வாராவாரம் எறங்குற எடந்தானே. இங்க எனக்குன்னு ஒரு பஸ் ஸ்டாப்பு கட்டிவுட சொல்லு.”

“ஒரு நிமிசம். பிளக்கு தான்.”

“போன வாரம் காயிலுன்னு சொன்ன.”

“காயில மாத்தியாச்சி. இது பிளக்கு.”

“வண்டிய மாத்திட்டா எல்லாம் ஒரேடியா சரியாப்பூடும் மாமா. ரோதனை இல்ல.”

அவன் ரோட்டோரம் குந்திக்கொண்டு பிளக்கைத் தேய்த்தான். ஆடிக்காற்று புழுதியை வாரி அவன் முதுகில் போட்டது. அந்த முதுகைப் பார்த்ததும் சுகாசினிக்குக் கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

ஏனாத்தூர்க் கல்லூரி ஒன்றின் விடுதிச் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் நாஷ்டாவுக்கு வருவதற்கு முன்னால் வெங்காயம் உரித்து, எண்ணெய் டின் உடைத்து, சாம்பார் கொதிக்கவிட்டு வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது கூட வேலைசெய்கிற மேரி தனியாளாக எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள்.

“முதல மறுபடி படுத்துடுச்சா?”

“ஆமாக்கா.”

“அதுக்கு ஒரு ஞானஸ்நானம் குடுத்துப் பாரேன் சுகா. எங்க ஃபாதர் கிட்ட நான் வேணா சொல்றேன்.”

“குளிப்பாட்டி, பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டித்தான்கா காலைல வாசல்ல இருந்து எடுத்தாறோம். ஆடி வெள்ளி வேற. இதுக்கு மேல நான் இன்னா பண்ணட்டும்.”

“ஒண்ணும் பண்ணாத. பேரீச்சம்பழத்துக்குப் போடு.”

சுகாசினி சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. மேரியிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

“மஸ்கட்டுக்குப் போறேன்னு சொல்றாருக்கா. ஏஜென்ட் தெனம் போன் பண்றான். வெல்டருக்கு ரெண்டு வருசம் காண்ட்ராக்டாம். பாஸ்போர்ட்ட கூட எடுத்து வெச்சிட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் இன்னா சொல்றது. எங்க அக்கா வூட்டுக்காரரு போயிட்டு வந்தாரே, ஞாபகம் இருக்குதா. வந்தப்ப அவரு புள்ளையே அவர பார்த்து கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிச்சி. எனக்கு அது வேணாம்கா. கூழோ கஞ்சியோ, மனுசன் வூட்ல இருக்கணும்.”

விஷயம் இதுதான். சிட்டிபாபு கிரில் பட்டறை வைத்திருந்தான். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கேட்டு. இப்போது எல்லாம் ரெடிமேடாக வந்து இறங்குகிறது, பட்டறையில் பாதி நாள் ஈதான். அவனுக்கு வெகுநாளாக மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி வண்டி செய்து கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரன் எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி விற்கிறான். நாம் அளவெடுத்துத் தைக்கலாமே என்பான். காயலான் கடையில் ஒரு பழைய இன்ஜினை எடுத்து, சேசிஸிலிருந்து டேங்க் வரைக்கும் தன் கையாலேயே அடித்து, வளைத்து, பற்றவைத்து, அலையாய் அலைந்து ஆர்.சி. புத்தகத்தில் மாறுதலையும் எழுதி வாங்கிக்கொண்டு, சித்திரையில் முதலையைத் தெருவில் இறக்கினான். இதைப் பார்த்து நாலு பேர் செய்யச் சொல்வார்கள் என்று நம்பினான். நாலு பேர் பார்த்தது உண்மை. அது நின்றிருக்கும்போது பார்த்தார்கள்.

சுகாசினிக்கு அந்த வண்டி ஜென்மப் பகை. ஆனால் அது ஓடினால்தான் புருஷன் ஊரில் இருப்பான். அதனால் திட்டிக்கொண்டே அதற்கு வேண்டிக்கொண்டாள். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பாள். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஊரில் எல்லா வண்டிக்கும் நெற்றி உண்டு. முன்விளக்குக்கு மேலே வழவழவென்று ஓர் இடம், சந்தனம் வைத்தால் மகாலட்சுமி மாதிரி இருக்கும். முதலையின் விளக்கோ கீழே கம்பிகளுக்குள் ஒளிந்து கிடந்தது. நம்பர் பலகை பக்கவாட்டில் போய்விட்டது. எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவள், கடைசியில் டேங்கின்மேல் வட்டமாக, பளபளவென்று இருந்த மூடியைத் தேர்ந்தெடுத்தாள். வட்டத்தின் நடுவே சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். வண்டி நிற்க நிற்கப் பொட்டு பெரிதாகிக்கொண்டு வந்தது. சிட்டிபாபுவும் பக்தியுள்ளவன்தான். மூடியைத் திறக்கும்போதுகூடப் பொட்டு கலையாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகுவான்.

மறுநாள் சனிக்கிழமை பிள்ளையார்பாளையத்திலிருந்து வரதராஜன் பட்டறைக்கு வந்தார். தறிக்காரர். இப்போது வீட்டில் ஓடுகிற தறியோடு, சாயப்பட்டறையிலிருந்து நூலும், தறியில் நீளவாக்கில் பூட்டுவதற்குக் கஞ்சி போட்டுச் சுருட்டிய பாவு நூலும் வாங்கி மற்ற நெசவாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சேலையாகத் திருப்பி வாங்குகிறவர். ஒல்லியான ஆள். எதைச் சொன்னாலும் இழையைச் சோதிக்கிறவர் மாதிரி கொஞ்சம் நிறுத்தித்தான் பேசுவார்.

“உன் வண்டிய எங்க தெருவுல பார்த்தேன் தம்பி,” என்றார்.

“நின்னுக்கினு இருந்துச்சாண்ணா?” என்று பயந்தபடியே கேட்டான் சிட்டிபாபு.

“நின்னுக்கினு தான் இருந்துச்சி. அதனால தான் நல்லா பாக்க முடிஞ்சிது. அந்தப் பின்தட்டு நல்லா யோசிச்சி செஞ்சிருக்க. ஸ்கூட்டர்ல பாவு மூட்டைய கட்டினா ஆளையே பின்னாடி இழுக்குது. குறுக்கால கட்டினா சந்துல திரும்ப முடியல. இந்தத் தட்டுல நீட்டா படுக்க வெச்சா அலுங்காது. எனக்கு ஒண்ணு செஞ்சி குடுத்தா, எங்க ஆளுங்க நாலஞ்சி பேரு பின்னாடியே வருவாங்க.”

டீ கொண்டுவந்த சுகாசினி தட்டோடு நின்றுவிட்டாள்.

“ஆனா ஓடுமா?” என்றார் வரதராஜன்.

“ஓடும்ணா.”

“நாளைக்கி திருமுக்கூடல் போறேன். பெருமாளுக்கு ஒரு பட்டு வஸ்திரம் நேந்துக்கினு நெய்திருக்குது. அத்த உன் வண்டியில வெச்சிக்க. பாவு கனத்துக்கு ஒரு மூட்டையும் வெச்சிக்க. சம்சாரத்தையும் ஏத்திக்க, கனம் தாங்குதான்னு பாக்கலாம். நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வரேன். நிக்காம போயிட்டு வந்துட்டோம்னா ஆவணியில அட்வான்ஸ் குடுத்துடறேன். ஆடியில வேணாம்.”

அவர் போனதும் சிட்டிபாபு வெகுநேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

“ராமராஜன கூப்ட்டு ஒரு தடவ காட்டிடேன் மாமா,” என்றாள் சுகாசினி.

“அவன் பேச்ச எடுக்காத.”

ராமராஜன் அவன் சிநேகிதன், மெக்கானிக். பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. வேடிக்கை என்னவென்றால், அவன் கடைக்குக் கொண்டுபோனால் வண்டி நிற்கவே நிற்காது. அவன் முதல் காரியமாக ஈரத்துணியால் வண்டியை உச்சிமுதல் துடைத்துவிட்டுத்தான் கையை வைப்பான். வாலாஜாபாத் வரை ஓட்டிப்பார்ப்பான். ஒரு குறையும் இருக்காது. உன் வண்டிக்கு ஒண்ணுமில்ல, உன் வெல்டிங்லதான் எங்கியோ தப்பு இருக்குது என்று அவன் சொல்ல, நீ போட்ட கார்பரேட்டர்தான் டூப்ளிகேட் என்று இவன் சொல்ல, வார்த்தை தடித்து, ஆனி மாதத்திலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை.

“இதுவும் நின்னுட்சின்னா,” என்றான் சிட்டிபாபு, “திங்கக்கெழம ஏஜென்ட் கிட்ட பாஸ்போர்ட்ட குடுத்துடறேன். அப்பால என்ன தடுக்காத. மூணு மாசமா ஊரு சிரிச்சது போதும்.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். மெதுவாகச் சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் அவள் தலைக்குக் குளித்துவிட்டு, தூள் சந்தனத்தைத் தொடாமல், கட்டைச் சந்தனத்தையே கல்லில் இழைத்தாள். கெட்டியாக, கை வலிக்க. முதலையின் மூடி முழுவதும் அப்பி, நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திக் குங்குமம் வைத்தாள். இன்னிக்கி ஒரு நாள் மானத்தைக் காப்பாத்து, அப்பால நீ எப்படியோ போ என்று அதனிடம் சொன்னாள். பதினொன்றாவது படிக்கிற மகள் ஜோதிகா பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள்.

“இன்னாம்மா, கேக்கு மாதிரி இருக்குது.”

“வாய மூடிக்கினு போய் படி.”

வாலாஜாபாத் வரை ராஜாவாட்டம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோட்டில் கூட்டம் இல்லை, கல்குவாரி லாரிகள் மட்டும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பின்தட்டில் மூட்டையும், மஞ்சள் துணியில் சுற்றிய வஸ்திரமும் அலுங்காமல் கிடந்தன. சுகாசினி புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். காய்ச்சல் குழந்தையின் மூச்சை ராத்திரியில் கேட்பது போலக் கேட்டாள். பின்னால் வரதராஜன் சீராக வந்துகொண்டிருந்தார்.

பழையசீவரம் தாண்டியதும் தும்மியது.

சிட்டிபாபு ஓரம் கட்டினான். மூடியைத் திறந்தான், பெட்ரோலைப் பார்த்தான், பிளக்கைக் கழற்றினான், தேய்த்தான், மாட்டினான். வரதராஜன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பியது.

“தூசு அடைச்சிக்கிச்சிண்ணா. லாரி புழுதி,” என்றான் சிட்டிபாபு.

“செரி, செரி. போ,” என்றார் அவர்.

பாலாற்றுப் பாலத்தில் ஏறினார்கள். பாதி ஆறு மணலும் மீதிப் பாதி தண்ணீருமாகக் கிடந்தது. அக்கரையில் திருமுக்கூடல் கோயில் மதில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சரியாக நடுப்பாலத்தில், மறுபடியும் நாலு தும்மல், ஒரு இருமல்.

பின்னால் வந்த ஜல்லி லாரி ஹாரனை அழுத்திக்கொண்டு ஒதுங்கிப் போனது. பாலமே அதிர்ந்தது. இருவரும் வண்டியைக் கைப்பிடிச் சுவரோரம் தள்ளினார்கள். இந்தத் தடவை சிட்டிபாபு எதையும் கழற்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றான்.

வரதராஜன் கிட்டே வந்தார்.

“தப்பா நெனச்சிக்காத தம்பி. நடுப்பாலத்துல நின்னா நான் நிப்பேன். என் சரக்கு நிக்காது. ஒரு மழ புடிச்சா சாயம் ஒழுவிடும். ஒரு குடும்பத்து ஒரு மாச ஒழைப்பு அது. உன் கைவேலைய நான் கொற சொல்லல. ஆனா எனக்கு வேணாம்பா.”

“செரிண்ணா.”

“வஸ்திரத்த குடு, நான் எடுத்துக்கினு போறேன்.”

“எடுத்துக்கங்கண்ணா,” என்றான் சிட்டிபாபு. பிறகு திரும்பாமலே சொன்னான்: “சுகா, நாளைக்கி ஏஜென்ட்டுக்கு போன் பண்ணிடறேன்.”

சுகாசினி வண்டிப் பக்கம் திரும்பினாள். ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷன் எப்போதும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். டேங்க் மூடியைத் திறந்தாள். அவளுக்கு ஓரத்தைப் பிடித்துத் திறக்கிற நிதானம் இல்லை. சந்தனத்தோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தித் திருகினாள்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எங்கே கேட்டோம் என்று ஒரு கணம் திகைத்தாள். தினமும் காலையில் கேட்பதுதான். விடுதியில் எண்ணெய் டின் உடைக்கும்போது ஒரு மூலையில் ஓட்டை போட்டுச் சாய்த்தால், எண்ணெய் குபுக்கென்று கொஞ்சம் வந்துவிட்டு நின்றுபோகும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட வேண்டும். கத்தி நுனி இறங்கியதும் இதே உஸ். காற்று உள்ளே போகும், எண்ணெய் கயிறு மாதிரி இறங்கும். காற்று போக வழி இல்லாவிட்டால் ஒரு சொட்டு வராது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் மேரி சொல்லிக்கொடுப்பது இது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஏதோ வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். சந்தனம் குச்சி குச்சியாக வந்தது. அடியில் காய்ந்து மங்கியது, அதற்குமேல் ஒரு சிவப்புக் கோடு, மறுபடியும் சந்தனம், மறுபடியும் சிவப்பு, மேலே அன்று காலையில் வைத்த ஈரம். ஆனியிலிருந்து அவள் வேண்டிக்கொண்ட செவ்வாயும் வெள்ளியும் அத்தனையும் அதற்குள் இருந்தன.

புருஷனை மஸ்கட்டுக்கு அனுப்பப் பார்த்தது வண்டி இல்லை, தன் கட்டைவிரல்தான் என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லாமல் துடைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. துடைத்துவிட்டால் வண்டி ஓடும், பெருமாள் அருள் என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் வரதராஜன் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டார். வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரியாவிட்டால் அவர் நம்பப்போவதில்லை. அசிங்கப்பட்டால் படட்டும் என்று நினைத்தாள்.

“அண்ணா, ஒரு நிமிசம் இருங்க,” என்றாள். “மாமா, இங்க வா. இந்த மூடியில ஓட்ட எதுக்கு?”

“காத்து போவ. நான் தான் போட்டேன். காத்து போவலன்னா பெட்ரோல் கீழ எறங்காது.”

“போவல மாமா. நான் அடைச்சி வெச்சிருக்கேன்.”

“இன்னா சொல்ற?”

“பொட்டு வெச்சி வெச்சி அடைச்சிட்டேன். தோ பாரு.” உள்ளங்கையை நீட்டினாள். “நீ எத்தத் தொட்டாலும் மொதல்ல மூடிய தெறக்குறல்ல, அப்ப காத்து போயிடுது. அதனால கெளம்புது. பிளக்கும் இல்ல, காயிலும் இல்ல. எல்லாம் நான் தான்.”

சிட்டிபாபு அவள் உள்ளங்கையைப் பார்த்தான். மூடியை வாங்கித் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ராமராஜன் கேட்டான்,” என்றான் கடைசியில். “மொத நாளே கேட்டான். மூடியில ஓட்ட இருக்குதாடா, அடைச்சிருக்கப் போவுதுன்னான். நான் போட்ட ஓட்ட எனக்குத் தெரியாதாடான்னு அவன் மேல எகிறினேன். அவன் ஈரத்துணியால தொடைச்சதும் வண்டி ஓடுனது இதனால தான். தெனம் தெறக்குறேன். கையில புடிக்கிறேன். பொட்டு கலையக் கூடாதுன்னு அத்தப் பாக்கவே இல்ல.”

“என்னத் திட்டு மாமா. நான் தான் பண்ணேன்.”

“உன்ன இன்னான்னு திட்றது. நிக்கக் கூடாதுன்னு தானே வெச்ச.”

வரதராஜன் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வந்து, அந்தச் சந்தனக் குச்சியை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. பிறகு, அதுவரை யாரும் பார்த்திராத வகையில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இழை அறுந்தா எங்க அறுந்துச்சின்னு பார்த்து முடி போடுவோம் நாங்க,” என்றார். “நீ இன்னாடான்னா ஒவ்வொரு தபாவும் தறியவே மாத்திக்கினு இருந்திருக்க.”

“ஆமாண்ணா,” என்றான் சிட்டிபாபு. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பொட்டில்லாத மூடியைப் போட்டுவிட்டு, சிட்டிபாபு கிக்கரை உதைத்தான். கிளம்பியது. ஆனாலும் வரதராஜன் லேசுப்பட்டவர் இல்லை. வஸ்திரத்தைப் பெருமாளுக்குச் சாத்தியதும், கோயில் வாசலில் சுகாசினி கட்டிவந்திருந்த எலுமிச்சைச் சோற்றையும் பொரித்த வடகத்தையும் மூவரும் சாப்பிட்டதும், இன்னும் கொஞ்ச தூரம் போலாம் என்று சொல்லி வெயிலிலேயே அவர்களை உத்திரமேரூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். போய்த் திரும்பி மறுபடியும் அதே பாலம். முதலை ஒரு தும்மல் போடவில்லை.

பாலம் தாண்டிப் பழையசீவரம் பக்கம் வந்ததும் வரதராஜன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆவணி மொத வாரம் வரேன். எனக்கு செய்யிறதுல ஒரு மாத்தம் பண்ணனும் தம்பி.”

“சொல்லுங்கண்ணா.”

“முன்னாடி ஒரு நெத்தி வெச்சி செய். எங்க வூட்டம்மா உன் சம்சாரத்துக்கு மேல. பொட்டு வெக்க எடம் இல்லன்னா இன்ஜின் உள்ளயே வெச்சிடுவா.”

அவர் ஏனாத்தூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முன்னால் போய்விட்டார். இவர்கள் மெதுவாக வந்தார்கள். வெயில் தாழ்ந்து, காற்று குளிர்ந்திருந்தது. அறுவடை முடிந்த வயலில் கொக்குகள் இறங்கியிருந்தன. சுகாசினி அவற்றைப் பார்த்தாள். இந்த ரோட்டில் கொக்கு இருப்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் வண்டியில் உட்கார்ந்தால் இன்ஜினைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை, பார்த்ததில்லை.

“ராத்திரி ராமராஜன் வூட்டுக்குப் போயிட்டு வரணும்,” என்றான் சிட்டிபாபு.

“நானும் வரேன். கறி எடுத்துக்கினு போலாம்.”

“ஆடி ஞாயிறு. அவன் பொண்டாட்டி கூழு ஊத்தியிருப்பா. கருவாட்டுக் கொழம்பு கெடைக்கும், சொம்மா போலாம்.”

“செரி.”

“ஏஜென்ட்டுக்கு நாளைக்கி போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்.”

அவள் அவன் தோளைத் தட்டினாள்.

“வண்டிய நிறுத்து மாமா.”

“இன்னாமா? எதுனா வுழுந்துடுச்சா?”

“ஒண்ணும் வுழல. ஓரமா நிறுத்து. நாளைக்கி எதுக்கு? இப்பவே சொல்லு.”

அவன் சிரித்துக்கொண்டே புளியமரத்தடியில் ஒதுக்கி, இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டு போட்டான். போனை எடுத்தான். அவள் எதிரே நின்று அவன் வாயையே பார்த்தாள்.

“அண்ணா, சிட்டிபாபு பேசறேன். ஆமாண்ணா. இல்லண்ணா, வர்ல. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வூட்லயும் ஒண்ணும் தகராறு இல்ல. வேல இருக்குதுண்ணா இங்கயே. ஆமா. வேற ஆள பார்த்துக்கங்க.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்த்தால் சுகாசினி மரத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னாத்துக்கு இப்ப அழுவுற? அதான் சொல்லிட்டேனே.”

“நல்லாருக்குது அழுதா. நீ கொஞ்சம் இரு.”

அவன் இருந்தான். பக்கத்தில் வேரின்மேல் குந்திக்கொண்டு, அவசரப்படுத்தாமல் இருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு அருகே வந்து உட்கார்ந்தாள்.

அந்த வழியாக ஓரிக்கைப் பால்காரர் ஒருவர் மொபெட்டில் வந்தார். முதலையையும் அதன் பக்கத்தில் ரோட்டோரம் குந்தியிருந்த இருவரையும் பார்த்ததும், பழகின பழக்கத்தில் வேகத்தைக் குறைத்து, கேனை இறக்கிவைக்கத் தயாராகக் காலை ஊன்றினார்.

“இன்னா பாபு, நின்னுடுச்சா? தள்ளணுமா?”

“வேணாம்ணா,” என்றாள் சுகாசினி. “அது நிக்கல. நாங்க தான் நின்னுக்கினு இருக்கோம்.”